அட்டைப்பெட்டியில் 30 மடங்கு, மண்டபத்தில் மங்கல்: கேம்கார்டர் கேள்வி–பதில்

வீட்டு உபயோகக் கேம்கார்டரின் பலம், பலவீனம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வீட்டு விசேஷங்களைப் படமெடுக்க ஒரு கேம்கார்டர் தேவை. சோனி சிஎக்ஸ்405-இல் 30 மடங்கு ஜூம் இருக்கிறது. அதைவிட எக்கச்சக்க விலை உள்ள ஏஎக்ஸ்53-இல் 20 மடங்குதான். விலை ஏற ஏற ஜூம் இறங்குகிறதே, இது என்ன கணக்கு? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: கூடுதல் காசு ஜூமுக்குப் போவதில்லை, வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சென்சார் என்ற சில்லுக்குப் போகிறது. சிஎக்ஸ்405-இன் சென்சார் மூலைக்கு மூலை 3.1 மிமீ. உளுந்து மணியைவிடச் சின்னது. ஏஎக்ஸ்53-இல் அது 7.2 மிமீ. பரப்பளவாகப் பார்த்தால் ஐந்து மடங்குக்கு மேல். சென்சார் சிறியதாக இருந்தால் லென்ஸும் சிறியதாக இருக்கலாம், குவியத் தூரம் 1.9 மிமீ முதல் 57 மிமீ வரை போகும் லென்ஸை விரல் மொத்தத்துக்குள் அடைத்துவிடலாம். அதுதான் 30 மடங்கு. பெரிய சென்சாருக்கு அதே 30 மடங்கு கொடுக்கவேண்டுமானால் லென்ஸின் எடையும் விலையும் எங்கேயோ போய்விடும். ஆகவே குறைந்த விலைக் கேமராவில் ஜூம் எண் பெரிதாக இருந்தால், சென்சார் சிறியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தப்பாது.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். லென்ஸ் வளையத்தில் 1.8–4.0 என்று பொடி எழுத்தில் இருக்கும். லென்ஸின் திறப்பைச் சொல்லும் எண் இது, எண் ஏற ஏற வெளிச்சம் குறையும். ஜூம் போடாதபோது எஃப்1.8, முழு ஜூமில் எஃப்4.0. நான்கை ஒன்றே முக்கால் சொச்சத்தால் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஐந்து வரும். அதாவது பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு மணமேடையை முழு ஜூமில் இழுத்தால், லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு. பற்றாக்குறையைக் கேமரா கெயினை, அதாவது சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றிச் சரிக்கட்டும். பட்டுப்புடவையின் அரக்கு நிறத்தில் எறும்பு மொய்ப்பதுபோல் புள்ளிகள் ஊர்வதும், மாப்பிள்ளையின் தலைமுடி ஒரே கறுப்புப் பூச்சாகத் தெரிவதும் அதனால்தான்.

இதனால் சின்னக் கேமரா மட்டம் என்று சொல்லமாட்டோம். பகல் வெளிச்சத்தில், பள்ளி விளையாட்டு விழாவில், தேரோட்டத்தில் அது நன்றாகவே எடுக்கும். சின்னச் சென்சாருக்கு ஒரு பெரிய அனுகூலமும் உண்டு: ஜூம் இல்லாத நிலையில் சுமார் ஒரு மீட்டரில் ஃபோகஸ் வைத்துவிட்டால், அரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே தெளிவாக விழும். குழந்தை ஓடினாலும் ஃபோகஸ் தேடி அலையாது. முழு ஜூமில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. வெளி மைக் செருகும் துளை, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இரண்டும் சிஎக்ஸ்405-இல் இல்லை. ஏஎக்ஸ்53-இல் இரண்டும் உண்டு. ஹெட்ஃபோன் துளையும் உண்டு. ஆனால் அது அரைக் கிலோவுக்கு மேல் கனம், 4கே கோப்புகள் கம்ப்யூட்டரைத் திணறடிக்கும். உங்கள் விசேஷங்களில் பாதிக்கு மேல் ராத்திரியில், மண்டபத்துக்குள் நடக்கிறது என்றால் பெரியதை வாங்குங்கள். கோயில், தோட்டம், சுற்றுலா என்றால் சின்னதே போதும்.

கேள்வி: பெட்டியில் '9.2 மெகாபிக்சல், 350 மடங்கு டிஜிட்டல் ஜூம்' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? – மதுரை வாசகர்

பதில்: பொய் இல்லை, பிரயோஜனமும் இல்லை. நீங்கள் சொல்லும் ரகக் கேமராவில் வீடியோவுக்கு வேலைசெய்யும் புள்ளிகள் சுமார் 22.9 லட்சம்தான். ஃபுல் எச்டிக்கு 20.7 லட்சம் இருந்தால் போதும் என்பதால் வீடியோவுக்கு அது சரியான அளவே. புகைப்படம் எடுக்கும்போது இடைவெளிகளைக் கணக்குப் போட்டு நிரப்பி 92 லட்சமாக ஊதிவிடுகிறார்கள். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் கம்ப்யூட்டரிலும் செய்யலாம், அதுவும் நிதானமாக. வாங்கிய அன்றே மெனுவில் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் நின்றபடியே ஒரு கேம்கார்டர் நல்லதா இல்லையா என்று கண்டுபிடிக்க வழி உண்டா? ஒவ்வொரு முறையும் கடைக்காரர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. – திருநெல்வேலி வாசகர்

பதில்: பத்து நிமிடம் போதும். சொந்த மெமரி கார்டு ஒன்று, இயர்ஃபோன் ஒன்று கொண்டுபோங்கள். கடையின் வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் அழகாகத்தான் எடுக்கும், அதனால் அதற்குப் பிடிக்காத இடங்களைத் தேடிப் போகவேண்டும். டெமோ மோட் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஜூமே போடாத அகல நிலையில் வைத்து, எதிர்ச் சுவரைப் பாருங்கள். பழைய 35 மிமீ ஃபிலிம் கேமராக் கணக்கில் 26.8 மிமீக்குச் சமமான கோணத்தில் தொடங்கும் கேமரா, மூன்று மீட்டர் தள்ளி நின்றால் சுமார் நான்கு மீட்டர் அகலத்தை அடக்கும். 38-இல் தொடங்குவது மூன்று மீட்டரைக்கூடத் தொடாது. நம் வீட்டு ஹாலில் முதுகு சுவரில் முட்டிய பிறகும் ஆட்கள் விளிம்பில் வெட்டுப்படுவது இதனால்தான். ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெடிஷாட் வசதியைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். சில மாடல்களில் 'ஆக்டிவ்' போட்டவுடன் கோணம் சுருங்கும்.

அடுத்தது இருட்டு. கவுன்ட்டருக்கு அடியில் அல்லது திறந்த பைக்குள் கேமராவைக் காட்டிப் பத்து நொடி பதிவுசெய்யுங்கள். 'குறைந்தபட்ச லக்ஸ்' (எவ்வளவு மங்கலிலும் எடுக்கும் என்ற அளவு) என்று பெட்டியில் இருக்கும் எண்ணை வைத்து இரண்டு கேமராக்களை ஒப்பிடக்கூடாது. ஷட்டரை 1/25 நொடிக்கு இறக்கி அந்த எண்ணைக் குறைத்துக் காட்டிவிடலாம். அந்த வேகத்தில் கை அசைந்தால் கை இருக்காது, கையின் தடம்தான் இருக்கும்.

பிறகு உள்ளங்கையை லென்ஸுக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் வைத்து, ஃபோகஸ் ஆனதும் சட்டென்று எடுத்துவிடுங்கள். பின்னால் இருப்பது ஒரு நொடியில் தெளிந்தால் நல்லது. முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று முறை ஊசலாடித் தெளிந்தால், கூட்டத்தில் யாராவது குறுக்கே போகும்போதெல்லாம் அதே ஊசலாட்டம் உங்கள் படத்தில் இருக்கும். கதவுச் சட்டத்தைப் பார்த்துக் கேமராவை இடமிருந்து வலமாக வேகமாகத் திருப்புங்கள். சட்டம் சாய்ந்து தெரிவது சிமாஸ் சென்சார் வரிவரியாகப் படிப்பதன் விளைவு. கொஞ்சம் சாய்வது எல்லாவற்றிலும் உண்டு, தென்னை மரம்போல் வளைந்தால் வேண்டாம்.

வாசலுக்கு வந்து எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை முழு ஜூமில் இருபது நொடி எடுங்கள். எழுத்தின் விளிம்பில் ஊதாக் கோடு தெரிகிறதா, கையில் பிடித்தால் நிற்கிறதா, வெயிலில் திரை தெரிகிறதா என மூன்றும் ஒரே தடவையில் தெரிந்துவிடும். ஜூம் நெம்புகோலை மிக மெதுவாகத் தள்ளினால் மெதுவாக நகர வேண்டும். வெடுக்கென்று கிளம்பினால் அந்த ஜூமைப் படத்துக்குள் பயன்படுத்த முடியாது. கடைசியாகச் சந்தடி இல்லாத மூலையில் ஜூமை ஓட்டிக்கொண்டே பதிவுசெய்து, ஹெட்ஃபோன் துளை இருந்தால் இயர்ஃபோனில் கேளுங்கள். 'ர்ர்ர்' என்று மோட்டார் சத்தம் விழுகிறதா?

எடுத்ததையெல்லாம் எச்டிஎம்ஐ வயர் போட்டுக் கடையின் பெரிய டிவியில் பாருங்கள். 2.7 அங்குலத் திரையில் எல்லாக் குறையும் ஒளிந்துகொள்ளும். டிவியில் போட்டுக்காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: கையில் நல்ல ஃபோன் இருக்கும்போது கேம்கார்டர் எதற்கு? – கோவை வாசகர்

பதில்: பல நேரங்களில் தேவையில்லை என்பதுதான் உண்மை. இன்றைய பல ஃபோன்களின் முதன்மைக் கேமரா சென்சார், குறைந்த விலைக் கேம்கார்டருடையதைவிடப் பெரியது. அரை இருட்டில் நான்கு அடி தூரத்தில் கேக் வெட்டுவதை எடுக்க ஃபோன்தான் ஜெயிக்கும். கேம்கார்டர் ஜெயிப்பது தூரத்திலும் நேரத்திலும். பரதநாட்டிய அரங்கேற்றம் இரண்டரை மணி நேரம். ஃபோன் சூடாகி நின்றுவிடலாம், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியாது. கேம்கார்டரில் மாற்றலாம். புகைப்படக் கேமராக்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 நொடியோடு பதிவு நிற்கும். அரை மணி நேரம் பதிவுசெய்யும் கருவியை வீடியோ ரெக்கார்டராகக் கணக்கிட்ட பழைய ஐரோப்பியச் சுங்க வரியால் வந்த பழக்கம் அது. கேம்கார்டருக்கு அந்தக் கட்டு இல்லை. ஃபோனில்தான் எடுப்பேன் என்றால் ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு எடுங்கள்.

கேள்வி: கல்யாண வீடியோவில் நாதஸ்வரம், தவில் சத்தம் பிசிறுகிறது. அய்யர் மந்திரம் சொல்வது கேட்கவே இல்லை. கேமராவின் மைக் பழுதா? – காரைக்குடி வாசகர்

பதில்: மைக் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் பின்னால் இருக்கும் ஏஜிசிதான் சிக்கல். சத்தம் குறைவாக இருந்தால் தானே கூட்டிவைக்கும், அதிகமானால் குறைக்கும் சுற்று அது. மந்திரம் நடக்கும்போது எட்டு மீட்டர் தள்ளி நிற்கும் கேமரா, ஒலியை உச்சத்துக்குக் கூட்டிவைத்துக் காத்திருக்கிறது. கெட்டிமேளம் என்று யாரோ கை காட்டுகிறார்கள். தவிலின் முதல் அடி அந்த உச்ச நிலையில் மோதி உடைகிறது. உடனே ஏஜிசி மொத்தத்தையும் அமுக்கிவிடும். மேளம் நின்ற பிறகு பழைய நிலைக்குத் திரும்பச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் சொன்ன மந்திரம் போனது போனதுதான். உடைந்த ஒலியை எந்த எடிட்டராலும் ஒட்டமுடியாது.

மெனுவில் 'மைக் ரெஃபரன்ஸ் லெவல்' இருந்தால் 'லோ'வில் வையுங்கள். கையால் ஒலி அளவு வைக்கும் கேமராவானால், மேளம் ஒலிக்கும்போது மீட்டர் -6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துவிட்டு அப்படியே விடுங்கள். மந்திரம் சன்னமாக விழும், பரவாயில்லை. சன்னமானதைப் பிறகு கூட்டலாம். மந்திரம் கணீரென்று வேண்டுமென்றால் மைக் பக்கத்தில் போகவேண்டும், வேறு வழியில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். எட்டு மீட்டர் எங்கே, ஒரு மீட்டர் எங்கே! தனி ரெக்கார்டரையோ பழைய ஃபோனையோ பதிவில் போட்டு மணவறைக் காலில் துணியால் கட்டிவிடுங்கள். தொடக்கத்தில் கேமரா முன் ஒருமுறை கை தட்டினால், எடிட்டிங்கில் இரண்டு ஒலியையும் அந்தத் தட்டலில் பொருத்தலாம். ஒரு மணி நேரத்தில் இரண்டும் சில ஃபிரேம் விலகக்கூடும். பாதியில் ஒருமுறை வெட்டிச் சேர்த்தால் சரியாகிவிடும்.

சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸரிலிருந்து வயர் இழுத்து நேராகக் கேமரா மைக் துளையில் செருகுவது அடிக்கடி நடக்கும் தவறு. அங்கே வருவது லைன் அளவு என்ற வலுவான சிக்னல், இங்கே எதிர்பார்ப்பது மைக் அளவு என்ற மெல்லிய சிக்னல். முழுதும் உடைந்துதான் பதிவாகும். நடுவில் ஒலியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வயர் போடவேண்டும்.

கேள்வி: மகன் அமெரிக்காவிலிருந்து கேம்கார்டர் கொண்டுவந்தான். வெயிலில் அருமை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் மட்டும் படம் துடிக்கிறது, பட்டை பட்டையாக ஓடுகிறது. – சென்னை வாசகர்

பதில்: உங்கள் மகன் வாங்கியது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊருக்காகச் செய்த கேமரா. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மின்னி அணைகிறது, கேமரா நொடிக்கு 60 முறை பார்க்கிறது. ஒவ்வொரு பார்வையிலும் மின்னலின் வேறு வேறு கட்டம் சிக்குவதால் துடிப்பு. ஷட்டரைக் கையால் வைக்கும் வசதி இருந்தால் 1/100 வையுங்கள். ஒவ்வொரு பார்வைக்கும் சரியாக ஒரு முழு மின்னல் கிடைத்துவிடும், துடிப்பு அடங்கும். 1/60-ஐ ஒப்பிட ஐந்தில் மூன்று பங்கு வெளிச்சம்தான் வரும், அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 30 ஃபிரேமில் எடுக்கும் வசதி இருந்தால் 1/50-உம் வைக்கலாம்.

ஷட்டர் வசதி இல்லாத கேமரா என்றால் விளக்கை மாற்றுவதே வழி. எலெக்ட்ரானிக் சோக் உள்ள ட்யூப்லைட்டில் இந்தத் துடிப்பு படத்தில் தெரியாது. எல்இடியில் நல்ல டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று) உள்ளவை சாது, மலிவானவை துடிக்கும். ஃபோன் கேமராவில் விளக்கைப் பார்த்தாலே எது எந்த ரகம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். சார்ஜரின் முதுகில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுச் செருகுங்கள். 120 மட்டும் போட்டிருந்தால் நேராகச் செருகக்கூடாது.

கேள்வி: 64 ஜிபி கார்டில் எத்தனை மணி நேரம் எடுக்கலாம்? 4கேயில் எடுக்கும்போது என் கேமரா பாதியில் தானாக நிற்பது ஏன்? – திருச்சி வாசகர்

பதில்: பதிவின் அளவை நொடிக்கு இத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்று சொல்வார்கள். மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் மெகாபைட் (எம்பி), அதை 60-ஆல் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கு. 50 எம்பிபிஎஸ் எக்ஸ்ஏவிசி எஸ் என்ற பதிவு முறை என்றால் நிமிடத்துக்கு 375 எம்பி, ஒலியோடு சேர்த்து இன்னும் கொஞ்சம். 64 ஜிபியில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 24 எம்பிபிஎஸ் ஏவிசிஎச்டி என்ற இன்னொரு முறையில் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 100 எம்பிபிஎஸ் 4கேயில் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம்.

100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 எம்பி. 'கிளாஸ் 10' கார்டு உறுதிதருவது நொடிக்கு 10 எம்பி. வித்தியாசத்தைக் கேமராவின் தற்காலிக நினைவகம் கொஞ்ச நேரம் தாங்கும், நிரம்பியதும் நின்றுவிடும். யு என்ற எழுத்துக்குள் 3 போட்ட கார்டு வாங்குங்கள், அதன் உறுதி 30 எம்பி. அப்படியும் நின்றால் கார்டு போலியாக இருக்கலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கார்டை முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள்; 64 என்று விற்றது 8 என்று பல்லைக் காட்டும். சோதித்த பிறகு கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள்.

கேள்வி: மகளின் நடன நிகழ்ச்சியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். 22 நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டு லேசாகத் துண்டிக்கிறது. கேமராவின் குறையா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: 22 என்று கவனித்து எழுதியதற்கு நன்றி, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. ஏவிசிஎச்டி கேமராக்கள் நீண்ட பதிவை 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக வெட்டிவைக்கும். 24 எம்பிபிஎஸ்ஸில் 4 ஜிபி என்பது ஏறக்குறைய 22 நிமிடம். துண்டுகளுக்கு நடுவே கேமரா எதையும் இழப்பதில்லை. 'ஸ்ட்ரீம்' ஃபோல்டருக்குள் இருக்கும் எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் இழுத்துப்போட்டு எடிட்டரில் வரிசையாக அடுக்கும்போதுதான் இணைப்பில் சில ஃபிரேம் விழுந்துவிடுகிறது. எந்தத் துண்டு எதன் தொடர்ச்சி என்ற குறிப்பு வேறு ஃபோல்டரில் இருக்கிறது. கார்டின் 'பிரைவேட்' ஃபோல்டரை அப்படியே முழுசாக நகலெடுங்கள். பிறகு கேமராவோடு வந்த மென்பொருளிலோ, ஏவிசிஎச்டியை அடையாளம் காணும் எடிட்டரிலோ இறக்குங்கள். கார்டை ஏற்கெனவே அழித்திருந்தால், டிஎஸ்மக்ஸர் என்ற மென்பொருளில் துண்டுகளை 'ஜாயின்' கொடுத்து இணைத்துப்பாருங்கள், பெரும்பாலும் சரியாகும்.

கேள்வி: புதுக் கேமராவை அணைத்துவிட்டு அசைத்தால் உள்ளே கடகடவென்கிறது. – ஈரோடு வாசகர்

பதில்: ஆட்டத்தைச் சமாளிக்க மிதக்கும் லென்ஸ் தொகுதி, மின்சாரம் இல்லாதபோது தளர்ந்து ஆடும் சத்தம் அது. கேமராவை ஆன் செய்து அசையுங்கள். சத்தம் நின்றால் பயமில்லை, தொடர்ந்தால் சர்வீஸ்.

கேள்வி: லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பிய மினிடிவி (சின்ன டிஜிட்டல் கேசட்), ஹை8 (பழைய அனலாக் கேசட்) டேப்புகள் வீட்டில் கிடக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பழைய கேமரா ஒன்று வாங்கலாமென்று பார்க்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: முதலில் டேப்புகளை இரண்டாகப் பிரியுங்கள். லண்டன் டேப்புகள் பால் என்ற வீடியோ முறை (மாட்டுப்பால் அல்ல), கனடா டேப்புகள் என்டிஎஸ்சி என்ற வேறு முறை. ஒன்றுக்கான கேமராவில் மற்றதன் டேப் ஒழுங்காக ஓடாது, பெரும்பாலும் இரண்டு கேமரா தேவைப்படும். ஹை8 டேப்புகளுக்கு டிஜிட்டல்8 கேமரா கிடைக்கிறதா பாருங்கள். அவற்றில் பல மாடல்கள் பழைய ஹை8 டேப்பை ஓட்டி, டிஜிட்டலாக மாற்றியே வெளியே தரும். எல்லா மாடலும் தராது என்பதால் உங்கள் டேப்பையே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நீங்கள் படம் எடுக்கப் போவதில்லை, ஓட்டத்தான் போகிறீர்கள். அதனால் லென்ஸில் பூஞ்சை இருந்தாலும் கவலையில்லை, பேட்டரி செத்திருந்தாலும் அடாப்டர் போதும். 2005 அக்டோபரில் சோனி தன் சிசிடி சென்சார்கள் சிலவற்றில் கோளாறு என்று அறிவித்தது நினைவிருக்கலாம். சூடும் ஈரமும் உள்ள ஊர்களில் உள் இணைப்பு விட்டுப்போய், படம் ஊதாவாகவோ கறுப்பாகவோ ஆகிவிடும். வேறு பல நிறுவனங்களின் கேமராக்களிலும் அதே சென்சார் இருந்தது. அப்படிச் செத்த கேமராவும் டேப் ஓட்ட நன்றாக உதவும், அடிமாட்டு விலைக்குக் கேளுங்கள்.

விடக்கூடாதவை வேறு. டேப் கதவு தயங்காமல் திறந்து மூட வேண்டும். முன்னோட்டம், பின்னோட்டம் இரண்டையும் டேப்பின் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். கடைசியில் இழுத்துக்கொண்டு நிற்பது தேய்ந்த பொறிமுறை. படத்தில் சதுரக் கட்டங்கள் சிதறினால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. உலர் கிளீனிங் டேப்பைப் பத்து நொடிக்கு மேல் ஓட்டாமல் சுத்தம் செய்துபாருங்கள், போகாவிட்டால் தேய்மானம். சோனியில் சி:21:00 என்று வந்தால் உள்ளே ஈரம் கோத்திருக்கிறது. உலரவிட்டால் சரியாகும், அவசரப்பட்டு டேப்பைப் போட்டால் உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

பக்கவாட்டில், டிஜிட்டல் வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் நான்கு முனை ஃபயர்வயர் துளை வேலைசெய்கிறதா என்பதுதான் முக்கியம். 'யூஎஸ்பி இருக்கிறதே' என்று விற்பவர் சொல்லுவார். பழைய மினிடிவி கேமராக்கள் பலவற்றில் அது புகைப்படத்துக்கும் வெப்கேமுக்கும்தான். கம்ப்யூட்டரில் ஃபயர்வயர் அட்டை போடவேண்டும். ஒரு மணி நேர டேப் ஒரு மணி நேரம் ஓடி, சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். 'எல்பி'யில் (டேப்பை மெதுவாக ஓட்டிக் கூடுதல் நேரம் எடுக்கும் முறை) எடுத்த டேப்புகள் எடுத்த கேமராவைத் தவிர வேறொன்றில் தகராறு செய்யலாம், அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் போடவே போடாதீர்கள். அது பூஞ்சை, ஹெட்டில் ஏறி அடுத்த டேப்புக்கும் தொற்றும்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கம். பழைய கேமராவின் லென்ஸில் வலை பின்னியதுபோல் இருக்கிறது. புதிதை எப்படிக் காப்பது? – புதுச்சேரி வாசகர்

பதில்: வலை என்பது பூஞ்சை. கேமராவோடு வரும் தோல்பையும் மர பீரோவும்தான் அதற்கு மிகவும் பிடித்த வீடு. ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் கால் கிலோ சிலிக்கா ஜெல், கூடவே சின்ன ஈரமானி ஒன்று. ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் நிற்கட்டும். நீல ஜெல் ரோஜா நிறமானால் 120 டிகிரியில் ஓவனில் வைத்து உலர்த்தித் திரும்பப் போடலாம். சமையலுக்குப் பயன்படுத்தும் வாணலியில் வறுக்கவேண்டாம். அந்த நீலம் கோபால்ட் உப்பு. அரிசிக்குள் புதைக்கிற வைத்தியமும் வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போய்விடும். மாதம் இரண்டு முறை எடுத்துக் கொஞ்ச நேரம் ஓட்டினாலே பாதிப் பாதுகாப்பு.

ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது கேமராவைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். வியர்ப்பது பையாக இருக்கட்டும், லென்ஸாக வேண்டாம்.

கேள்வி: சின்ன டிவிடியில் பதிவுசெய்யும் கேமராவில் எடுத்த தட்டு எந்த டிவிடி பிளேயரிலும் ஓடவில்லை. – வேலூர் வாசகர்

பதில்: 'ஃபைனலைஸ்' செய்யவில்லை, அதாவது மற்ற பிளேயர்கள் படிக்கும்படி பதிவை முடித்துவைக்கவில்லை. அதே கேமராவில் போட்டு, அடாப்டரைச் செருகி, மெனுவில் ஃபைனலைஸ் கொடுங்கள். நடுவில் மின்சாரம் போகக்கூடாது. 8 செமீ தட்டைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் ரக டிரைவில் மட்டும் விடாதீர்கள், திரும்பி வராது.

கேள்வி: ஹோமப் புகை வந்தவுடன் ஃபோகஸ் அலைகிறது. குத்துவிளக்குக்குப் பின்னால் இருப்பவர் முகம் கறுத்துவிடுகிறது. கேமராவை மாற்றவேண்டுமா? – சேலம் வாசகர்

பதில்: மாற்றினாலும் இது தொடரும். வீட்டுக் கேம்கார்டரின் ஆட்டோஃபோகஸ், படத்தில் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கூர்மையான விளிம்புகளைத் தேடுகிறது. புகை அந்த விளிம்பை மழுக்கிவிடுவதால் கிடைக்காத ஒன்றைத் தேடி முன்னும் பின்னும் ஓடுகிறது. புகை கிளம்பும் முன்பே, எடுக்கப்போகிறவரின் முகத்துக்கு முழு ஜூமில் போய் ஃபோகஸ் ஆனதும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு ஜூமை வெளியே எடுத்தால் ஃபோகஸ் அப்படியே நிற்கும். அவர் எழுந்து நடந்தால் மட்டும் மறுபடி ஆட்டோவுக்கு வாருங்கள்.

முகம் கறுப்பது, கேமரா விளக்குச் சுடரைப் பார்த்து 'வெளிச்சம் ஜாஸ்தி' என்று எண்ணி மொத்தத்தையும் குறைப்பதால். தொடுதிரையில் 'ஸ்பாட் மீட்டர்' போட்டு முகத்தைத் தொடுங்கள். சுடர் வெளுத்துப்போகும், போகட்டும். வண்ணத்துக்கு வெள்ளைச் சமநிலையையும் கையால் வைத்துவிடுங்கள், மஞ்சள் பல்பும் நீல எல்இடியும் கலந்த மண்டபத்தில் ஆட்டோ தடுமாறும். முகம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, திரை நிறைய அதைக் காட்டி வைக்கவேண்டும். பக்கத்தில் இருப்பவரின் புது வேட்டியைக் காட்டாதீர்கள். வெண்மைக்காக அதில் போட்டிருக்கும் நீலச் சாயத்தை வெள்ளை என்று நம்பி, கேமரா எல்லோர் முகத்திலும் மஞ்சள் பூசிவிடும்.